கல்லுக்குக் கேரண்டி இல்லை

சரஸ்வதி வாளியைச் சாய்த்தாள். ஊறிய உளுந்து சளசளவென்று கல் தொட்டிக்குள் இறங்கியது.

"ஏய், ஏய்! என்னம்மா செய்யுற? அது டிஸ்ப்ளே மெஷின்!"

சேல்ஸ்மேன் கோவிந்தசாமி மின்விசிறிப் பெட்டிகளைத் தாண்டிக் குதித்து ஓடிவந்தான். அவன் வந்து சேர்வதற்குள் அவள் சுவிட்சைத் தட்டிவிட்டாள். கடமுடவென்று ஒரு குலுக்கல். குழவிகள் உருள ஆரம்பித்தன. கிரைண்டரின் நெற்றியில் வைத்திருந்த சந்தனமும் குங்குமமும் அதிர்ந்தன.

"டிஸ்ப்ளே எதுக்குத் தம்பி? ஓடுதான்னு காட்டத்தானே? நல்லாத்தான் ஓடுது. நீ போயி உன் வேலையைப் பாரு."

"முதலாளி கொன்னுடுவாருக்கா!"

"உன்னையா, என்னையா? உன்னைன்னா எனக்குக் கவலை இல்ல."

சொன்னது சரஸ்வதி இல்லை. கூட வந்திருந்த அல்போன்சம்மாள். ஜூரோங்கில் பக்கத்து வீட்டுக்காரி. காலைப் பூசை முடிந்து, தேவாலயத்துக்குக் கட்டிய பட்டுச்சேலையை மாற்றக்கூட நேரமில்லாமல் டாக்சியில் ஏறியவள். ஒரு ஸ்டூலை இழுத்து, கிரைண்டரின் வயர் சொருகியிருந்த சுவருக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்துகொண்டாள். பெருத்த உடம்பு. இனி அந்த பிளக்கைப் பிடுங்க வேண்டுமானால் முதலில் அல்போன்சம்மாளைப் பிடுங்க வேண்டும்.

சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் சின்னத் தெரு அது. நவம்பர் மழை சரம்சரமாக ஊற்றிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அத்தனையும் நனையாமலிருக்க கடைகளின் முன்கூரைக்குக் கீழே அஞ்சடி நடைபாதையில் ஒதுங்கி நின்றது. கமலம் எலெக்ட்ரிக்கின் கண்ணாடிக்குள்ளே வரிசையாக டெலிவிஷன் பெட்டிகள். எல்லாவற்றிலும் ஒரே பந்தாட்டம். அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தலைகள் இப்போது ஒவ்வொன்றாகக் கிரைண்டர் பக்கம் திரும்பின.

சரஸ்வதி யாரையும் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தித் தெளித்தாள். ஓரத்தில் ஒதுங்கிய பருப்பை உள்ளே தள்ளினாள். கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் பொறுமை. உளுந்துக்கு வேறெதுவும் வேண்டாம். ஆனால் உளுந்திடம் தவணை சொல்ல முடியாது.

நாளைக் காலையில் ஜூரோங் கப்பல் பட்டறை கேண்டீனில் அவளுடைய தோசைக் கடை திறந்தாக வேண்டும். கேண்டீனை எடுத்து நடத்தும் சீனத் தௌக்கே கறாராகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை அடுப்புப் பற்றவில்லை என்றால் அந்த இடம் நூடுல்ஸ் வறுக்கிற மீ கோரெங்காரனுக்கு. இன்று பொழுது சாய்வதற்குள் மாவு அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்தால்தான் ராத்திரி பொங்கி விடியலில் கல்லில் ஊற்ற முடியும். மாவு மில் ஞாயிற்றுக்கிழமை பூட்டு. மிக்சியில் போட்டால் நாலாவது சுற்றில் புகை வரும். வீட்டில் இருந்த ஆட்டுக்கல்லையோ, தலைமேல் இடி உருளுகிறதென்று கீழ்வீட்டுக் கிழவர் மூன்று முறை மேலே ஏறிவந்து கத்தியதில் எப்போதோ கொடுத்துத் தொலைத்தாயிற்று.

அதனால்தான் கிரைண்டர். கோயமுத்தூர் கிரைண்டர். முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டி வாங்கியது. தீபாவளிக்கு முன்னால் வந்திருக்க வேண்டியது. தீபாவளி முடிந்து, முறுக்கு டப்பா காலியாகி, நேற்றுத்தான் வந்து சேர்ந்தது.

வந்த அழகைத்தான் கேட்கவேண்டும்.

"யாருடா அது, ஞாயித்துக்கிழமை அதுவுமா?"

உள்ளறையிலிருந்து முதலாளி செல்லக்கண்ணு வந்தார். சாப்பாட்டில் பாதியில் எழுந்து வந்திருந்தார். வலது கை நிறைய மீன் குழம்புச் சோறு. அந்தக் கையை எதன்மீதும் படாமல் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். ஆசீர்வாதம் செய்ய வந்தவர் மாதிரி இருந்தது. கிரைண்டரைப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி திரளத் தொடங்கியிருந்த உளுந்தைப் பார்த்தார்.

"அட பாவி! இதென்ன கூத்து? இது கடையா, உங்க அடுப்படியா?"

"என் மெஷின் ஒழுங்கா இருந்தா நான் ஏன்ணே உங்க கடைக்கு வர்றேன்?" என்றாள் சரஸ்வதி. கை தண்ணீர் தெளிப்பதை நிறுத்தவில்லை. "நேத்தே போன் பண்ணிச் சொன்னேன். தொட்டியில விரிசல். தண்ணி ஊத்தினா ஒழுகுது. ஒரு பிடி அரிசி போட்டுப் பார்த்தேன், மாவுல பாதி கல்லுப்பொடி."

"அதுக்குத்தான் போன்லயே சொன்னாங்கல்ல? மோட்டருக்குத்தான் கேரண்டி. கல்லுக்குக் கேரண்டி இல்ல."

"அப்ப மோட்டரை ஊத்தியா தோசை சுடுறது?" என்றாள் அல்போன்சம்மாள்.

அஞ்சடியில் ஒரு சிரிப்பு புரண்டது. பந்தாட்டத்தை விட்டுவிட்டு இரண்டு பேர் கடைக்குள்ளேயே காலெடுத்து வைத்தார்கள்.

"இந்தாம்மா, நீ யாரு நடுவுல?"

"நானா? அந்த மெஷினைச் சுமந்தவ. உங்க ஆளுங்க அஞ்சாவது மாடி லிஃப்ட் வாசல்ல இறக்கி வச்சிட்டு ஓடிட்டானுங்க. நாங்க இருக்கிறது மூணாவது மாடி. எங்க புளோக்குல லிஃப்ட் மூணுல நிக்காது. நானும் இவளுமா படி படியா உருட்டி இறக்கினோம். என் இடுப்புக்கு ஏதாவது கேரண்டி உண்டா முதலாளி?"

"டெலிவரின்னா லிஃப்ட் வாசல் வரைக்கும்தான். ரூல்ஸ். நீங்க உருட்டினதுலதான் கல்லு விட்டிருக்கும்."

"பெட்டியைப் பிரிக்காமதான் இறக்கினோம்" என்றாள் சரஸ்வதி. "விரிசலுக்குள்ள பழைய மாவு காஞ்சு கிடக்கு அண்ணே. புது மெஷினுக்குள்ள எவ வந்து எனக்கு முன்னால மாவாட்டினது?"

செல்லக்கண்ணுவுக்குச் சோற்றுக்கை ஒரு கணம் தாழ்ந்தது. உடனே உயர்ந்தது.

"கோவிந்தசாமி! மெயினை அடைடா!"

கோவிந்தசாமி அசையவில்லை. "முதலாளி... மேட்சு ஓடுது. டிவியெல்லாம் அணைஞ்சிடும். வெளியில நிக்கிறவங்க நம்மளை விடமாட்டாங்க."

"அடைக்காதீங்க லா!" என்று வெளியிலிருந்தே ஒரு குரல் கெஞ்சியது. "பெனால்டி முதலாளி, பெனால்டி!"

"அப்ப போலீஸைக் கூப்பிடு!"

"கூப்பிடுங்க" என்றாள் சரஸ்வதி. "அவங்க வர்றதுக்குள்ள உளுந்து முடிஞ்சிடும். அரிசி போட்டுடுவேன். அவங்களும் ஒரு தடவை கேக்கட்டும், தீபாவளிக்கு முன்னால தரேன்னு சொன்ன சாமான் ஏன் இப்ப வந்துச்சுன்னு."

"கப்பல் லேட்டும்மா! மெட்ராஸ் கப்பல் லேட்டுன்னு எத்தனை தடவை சொல்றது? கடலை நானா பிடிச்சு இழுத்தேன்?"

"ஆமாம். கப்பல் லேட்டு. போன் பண்ணும்போதெல்லாம் அதைத்தான் சொன்னீங்க."

சொல்லும்போது சரஸ்வதியின் உதட்டோரம் லேசாகச் சுழித்தது. சிரிப்பென்றும் சொல்ல முடியாது. அல்போன்சம்மாளுக்கே அது புரியவில்லை. உளுந்தை விரலில் எடுத்துச் சின்னக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள் சரஸ்வதி. உருண்டை மிதந்தது. மெஷினை நிறுத்தி இரண்டு கையாலும் வழித்து, கொண்டுவந்திருந்த பெரிய பிளாஸ்டிக் வாளியில் சேர்த்தாள்.

அடுத்த வாளியைத் தூக்கினாள். அரிசி.

"சரசு!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மருதப்பன் வந்தான். அவள் புருஷன். அதே கப்பல் பட்டறையில் வெல்டர். கையிலிருந்த குடையை விரிக்க மறந்து முழுக்க நனைந்திருந்தான்.

"என்ன இது? நீ இங்க வந்திருக்கேன்னு புளோக்குல சொன்னாங்க, பஸ்ஸைப் பிடிச்சு ஓடி வரேன். நாலு பேரு பார்க்கிறாங்க, மானம் போகுது. வா, வீட்டுக்குப் போவோம்."

"என்னங்க, அந்தத் தண்ணிச் செம்பை எடுங்க."

"நான் என்ன சொல்றேன், நீ என்ன..."

"செம்பு, செம்பு. அரிசி கல்லுல காயுது."

அவன் செம்பை எடுத்துக் கொடுத்தான். கை தானாகவே கொடுத்துவிட்டது. கொடுத்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது போலிருந்தது.

"மருதண்ணே!" கூட்டத்திலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான். தங்கராஜு. பட்டறையில் சாரம் கட்டுகிறவன். "அண்ணியா இது? கேண்டீன்ல தோசைக் கடை வருதுன்னாங்களே, அது அண்ணி கடையா? சொல்லவே இல்லையே நீங்க! எனக்கு நாளைக்கு நாலு தோசை எடுத்து வைக்கச் சொல்லுங்க. அந்த மீயைத் தின்னு தின்னு நாக்கே செத்துப் போச்சு."

"எனக்கு மூணு!" என்றது இன்னொரு குரல். "சட்னி காரமா இருக்கணும் அண்ணி!"

"கடை திறந்தாத்தானே தம்பி சட்னி?" என்றாள் சரஸ்வதி நிமிராமலே. "முதலாளிகிட்ட கேளுங்க. மனசு வச்சாருன்னா நாளைக்குத் தோசை. இல்லேன்னா மீ கோரெங்தான் உங்க தலையெழுத்து."

இப்போது அஞ்சடிக் கூட்டம் வேறு மாதிரி திரும்பியது. அதுவரை வேடிக்கை பார்த்தவர்கள் செல்லக்கண்ணுவைப் பார்த்தார்கள். பிரிட்ஜ் வாங்க வந்து விலை கேட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பம் மெதுவாகப் பின்வாங்கி நின்றது. "இங்க வாங்கினா இப்படித்தான் ஆகுமா?" என்று அந்த அம்மாள் தன் வீட்டுக்காரரிடம் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. செல்லக்கண்ணுவுக்கு மிக நன்றாகக் கேட்டது.

அந்த நேரத்தில்தான் வாசலில் கடையின் லாரி வந்து நின்றது. சாக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு டிரைவர் அப்துல் முத்தலிப் உள்ளே நுழைந்தார். நரைத்த தாடி, பெரிய உடம்பு. கிரைண்டர் சத்தத்தைக் கேட்டுத் திகைத்தார். பிறகு மருதப்பனைப் பார்த்தார். பார்த்ததும் காலடி தயங்கியது.

மருதப்பன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஷோகேசில் இருந்த இஸ்திரிப் பெட்டியின் விலைச் சீட்டை அப்படி ஊன்றிப் படித்தான்.

"பாய்" என்று கூப்பிட்டாள் சரஸ்வதி. "ஜூரோங்குக்கு மெஷின் கொண்டாந்தது நீங்கதானே?"

"நேத்தா? நேத்து நான் லீவும்மா. வேற ஆளுங்க போனாங்க."

"நேத்தைக் கேக்கல."

முத்தலிப் தாடியைத் தடவினார். முதலாளியைப் பார்த்தார். முதலாளியின் சோற்றுக்கை காற்றில் "வேண்டாம், வேண்டாம்" என்று ஆடியது. ஒரு சோற்றுப் பருக்கை தெறித்துக் கோவிந்தசாமியின் சட்டையில் ஒட்டியது.

ஆனால் கூட்டம் நெருங்கியிருந்தது. பிரிட்ஜ் வாங்க வந்தவர்கள் வாசலுக்கே போயிருந்தார்கள். செல்லக்கண்ணு பொறுமையை இழந்தார். கையில் கடைசியாக இருந்த துருப்புச் சீட்டை ஓங்கி அடித்தார்.

"சரி, கேட்டுக்கோ! கப்பலும் லேட் இல்ல, ஒண்ணும் லேட் இல்ல. சொன்ன தேதிக்கே உன் மெஷின் உன் புளோக்குக்கு வந்துச்சு. வேணாம், திருப்பிக் கொண்டுபோன்னு சொன்னது யாரு தெரியுமா? உன் வீட்டுக்காரர்! இந்தா நிக்கிறாரே, இவர்தான்! கேளு, கேட்டுப் பாரு!"

கிரைண்டர் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பந்தாட்டத்தில் யாரோ கோல் போட்டார்கள். டெலிவிஷன்கள் எல்லாம் ஒன்றாகக் கூவின. யாரும் திரும்பவில்லை.

மருதப்பன் கையிலிருந்த குடையை இறுகப் பற்றிக்கொண்டான். தங்கராஜு அவனைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

அல்போன்சம்மாள் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். "மாதாவே! உங்களாலயா மருதப்பன் இத்தனை..."

"அக்கா, உக்காருங்க. பிளக் ஆடுது" என்றாள் சரஸ்வதி.

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அரிசியைக் குழவிக்கடியில் தள்ளிவிட்டு, கையை வாளி விளிம்பில் வழித்துக்கொண்டு, செல்லக்கண்ணுவுக்கு நேராக நின்றாள். அவர் தோள் உயரம்கூட அவள் இல்லை.

"அது வீட்டுப் பேச்சு. நாங்க வீட்ல பேசிக்குவோம். இப்ப கடைப் பேச்சைப் பேசுவோம். ஆர்டர் கொடுத்தது யாரு?"

"நீதான்..."

"பணம் கட்டினது?"

"நீதான். அதுக்காக?"

"பில்லுல யாரு பேரு?"

செல்லக்கண்ணு பில் புத்தகத்தின் பக்கம் கண்ணை ஓட்டினார்.

"நான் வாங்கின சாமான். எவரோ ஒருத்தர் புளோக்குக்குக் கீழ நின்னு வேணாம்னு கையாட்டினா திருப்பிக் கொண்டுபோயிடுவீங்களா? எனக்கு ஒரு போன்? 'இந்த மாதிரி சொல்றாங்க, நெஜமாம்மா'ன்னு ஒரு வார்த்தை? ஆம்பிளை சொன்னா முடிஞ்சு போச்சு, பொம்பளைகிட்ட என்ன கேக்கறது? அப்படித்தானே? அப்ப நாளைக்கு நான் வந்து, 'இந்தக் கடையை எங்கண்ணன் மூடச் சொன்னாரு'ன்னு சொன்னா, உங்க கடைத் தம்பி கதவைச் சாத்திடுவாரா?"

"சாத்த மாட்டேன்க்கா" என்றான் கோவிந்தசாமி, தன்னை அறியாமல்.

"திரும்பி வந்த மெஷின் எங்க பாய்?"

முத்தலிப் இந்த முறை முதலாளியைப் பார்க்கவில்லை. "அன்னைக்கே கேலாங்ல ஒரு கல்யாண வீட்ல இறக்கிட்டோம்மா. தீபாவளி நேரம், ஸ்டாக் இல்ல. அவங்க அவசரமா கேட்டாங்க. இறக்குன்னு முதலாளி சொன்னாரு, இறக்கினேன். கல்யாணம் முடிஞ்சு அவங்க திருப்பிக் கொடுத்துட்டாங்க, கல்லு விட்டுப்போச்சுன்னு. நேத்து உங்க வீட்டுக்கு வந்தது அதுதான்னு இப்பத்தான் எனக்கே தெரியுது. அல்லா மேல ஆணை."

அஞ்சடியே பொங்கியது.

"கல்யாண வீட்ல உடைச்சதையா கொடுத்தீங்க?"

"என்ன முதலாளி இது? நான் போன மாசம் வாங்கின ரேடியோ யாரு கேட்டது?"

"எங்கம்மாவுக்கு வாங்கின ஃபேனும் கரகரங்குதுய்யா!"

பிரிட்ஜ் குடும்பம் மழையைப் பொருட்படுத்தாமல் தெருவில் இறங்கிப் போய்விட்டது. செல்லக்கண்ணு அவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். கையிலிருந்த குழம்பு காய்ந்து விரல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு பெருமூச்சு விட்டார்.

"இப்ப உனக்கு என்னம்மா வேணும்?"

"இந்த மெஷின்."

"இது டிஸ்ப்ளே..."

"ஓடுது. நான் அரைச்சுப் பார்த்துட்டேன். கல்லுல விரிசல் இல்ல. இதுதான் வேணும். இப்பவே. லிஃப்ட் வாசலுக்கு இல்ல, அடுப்படிக்கு. விரிஞ்ச மெஷினை உங்க ஆளுங்களே தூக்கிட்டு வரணும். அப்புறம், கல்லுக்கும் கேரண்டின்னு உங்க வாயால சொல்லணும். இத்தனை பேரு கேக்கிறாங்க."

"சொல்லுங்க முதலாளி" என்றது கூட்டம்.

"...கல்லுக்கும் கேரண்டி."

"சத்தமா லா!" என்றான் தங்கராஜு.

"கல்லுக்கும் கேரண்டி! போதுமா? கோவிந்தசாமி, வண்டியில ஏத்துடா!" செல்லக்கண்ணு உள்ளறைக்குத் திரும்பினார். அரைத் தூரம் போனவர் நின்று, "மீன் ஆறிப்போச்சு" என்று யாரிடமென்றில்லாமல் சொல்லிவிட்டுப் போனார்.

அரிசி மாவைக் கடைசித் துளிவரை வழித்தெடுத்தாள் சரஸ்வதி. உளுந்தோடு சேர்த்து, உப்புப் போட்டு, முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து மேலாகக் கரைத்தாள். அந்த வேலையை மட்டும் கரண்டியிடம் விடமாட்டாள். கைச்சூடு பட்டால்தான் மாவு பொங்கும் என்பது அவள் கணக்கு. கூட்டம் அதையும் நின்று பார்த்தது. தங்கராஜுவும் இன்னொருவனும் வாளிகளைத் தூக்கிக்கொண்டுபோய் லாரியில் வைத்தார்கள். கிரைண்டரை முத்தலிப்பும் கோவிந்தசாமியும் ஏற்றினார்கள்.

முன் சீட்டில் அல்போன்சம்மாள் ஏறிக்கொண்டாள். பட்டுச்சேலை நனையக் கூடாதாம். பின்னால், தார்ப்பாய்க்கு அடியில், கிரைண்டருக்கு ஒரு பக்கம் சரஸ்வதி, மறுபக்கம் மருதப்பன். இருவர் முழங்காலுக்கும் நடுவே மாவு வாளிகள். லாரி தேக்காவைத் தாண்டி மேற்கே திரும்பியது. தார்ப்பாயில் மழை பறையடித்தது. குழிகளில் வண்டி குலுங்கும்போதெல்லாம் மாவு சிந்தாமல் மருதப்பன் மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான். நிறைய தூரம் அப்படியே வந்தான்.

"சரசு."

"ம்."

"அந்த ஆளு சொன்னது..."

"நெஜம்தானே?"

அவன் தலை குனிந்தான். "பட்டறையில சிரிப்பானுங்கன்னு நெனச்சேன். பொண்டாட்டி கேண்டீன்ல தோசை சுட்டு எனக்குச் சோறு போடுறான்னு. மெஷின் வரலேன்னா நீயா விட்டுடுவேன்னு..."

"சிரிச்சாங்களா?"

"நாலு தோசை கேட்டான்."

"அதைச் சொல்லுங்க. நாளைக்கு நீங்களும் வரிசையில நின்னுதான் வாங்கணும். என் வீட்டுக்காரர்னு முன்னால விடமாட்டேன்."

"நிக்கிறேன்."

வண்டி ஒரு சிவப்பு விளக்கில் நின்றது. மழைச் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது. மருதப்பன் தொண்டையைச் செருமினான்.

"அவன் சொன்னப்ப உன் முகமே மாறல. அங்க வச்சே மனசுக்குள்ள முழுங்கிக்கிட்டியா? அத்தனை பேருக்கு முன்னால என்னை விட்டுக் கொடுக்கக் கூடாதுன்னா?"

சரஸ்வதி அன்றைக்கு முதல்முறையாக அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"அங்க எதையும் முழுங்கலைங்க. முழுங்கி எவ்வளவோ நாளாச்சு. நான் கடைக்குப் போன் பண்றப்பல்லாம் நீங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க. கப்பல் லேட்டுன்னு அவங்க சொல்லுவாங்க, நீங்களும் தலையை ஆட்டுவீங்க. ரெண்டு பேருல எவராவது ஒருத்தர் உண்மையைச் சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்."

"அப்ப உனக்கு... யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. லாரி வந்த அன்னைக்கு நான் அடுப்படி ஜன்னல்ல நின்னுக்கிட்டு மூங்கில் கழியில உங்க யூனிஃபார்ம் சட்டையைத்தான் மாட்டிக்கிட்டிருந்தேன். லாரி வந்து நின்னதையும் பார்த்தேன். நீங்க கையை ஆட்டித் திருப்பி அனுப்பினதையும் பார்த்தேன்."